சில்வராடோவில் பிரேக் கண்ட்ரோல் மாட்யூலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி கேட்டவர் மிச்சிகனில் இருக்கிறார். வண்டி 2004 செவ்ரோலே சில்வராடோ 1500. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. ஆரம்பத்தில் எப்போதாவது எரிந்து அணைந்தது, இப்போது அணைவதே இல்லை. ஸ்கேனரில் சி0265, சி0201 என்று இரண்டு எரர் கோட் வருகிறது. கராஜில் "மாட்யூல் போய்விட்டது" என்று, அதாவது ஏபிஎஸ்ஸை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். வீட்டு வாசலிலேயே இதை மாற்ற முடியுமா, மாற்றினால் பிரேக் ஆயிலை இறக்கி ஏர் எடுக்க (பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டுமா, ஜங்க் யார்டில் கழற்றியதை வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

மாற்ற முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ளவர் ஒரு மத்தியானத்தில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு எரர் கோடும் மாட்யூல் செத்தாலும் வரும், மாட்யூலுக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் வரும். அதனால் அளந்து பார்க்காமல் மாட்யூல் வாங்காதீர்கள். அளந்து பார்த்து மாட்யூல்தான் என்று உறுதியானால், பிரேக் பைப் ஒன்றைக்கூடக் கழற்றாமல் மாற்றுங்கள். இந்த வண்டியில் அதற்கு வழி இருக்கிறது. கராஜில் சொன்ன தொகை பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம், பிரேக் ஆயில் ஓடும் வால்வு பிளாக்கோடு சேர்த்து முழு யூனிட்டையும் மாற்றக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

முதலில் பொருள் எங்கே இருக்கிறது, எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான கார்களில் இது பானட்டுக்குள்ளே இருக்கும். இந்தத் தலைமுறை ஜிஎம் (செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்களில், அதாவது 1999-லிருந்து 2006 வரை வந்த சில்வராடோ, சியரா, அதே ஃபிரேமில் வந்த டாஹோ, யூகான், சபர்பன் ஆகியவற்றில், டிரைவர் பக்கம் சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் மாட்டியிருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால் தெரியும். மழைத் தண்ணீர், சேறு, குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு என்று சக்கரம் வாரி அடிப்பதெல்லாம் அதன் மேல்தான் விழும். எலக்ட்ரானிக்ஸ் வைக்கிற இடமா அது என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம் உண்டு.

அந்த யூனிட்டில் மூன்று பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் அலுமினிய வால்வு பிளாக். பிரேக் பைப்கள் எல்லாம் வந்து சேர்வது இதில்தான். ஒரு பக்கம் உருளையாக பம்ப் மோட்டார். இன்னொரு பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதுதான் ஈபிசிஎம் என்று ஜிஎம் சொல்லும் பிரேக் கண்ட்ரோல் மாட்யூல். வால்வுகள் அலுமினிய பிளாக்கில் இருக்கின்றன. அவற்றை இயக்கும் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) மட்டும் மாட்யூலுக்குள் இருக்கின்றன. பிளாக்கின் முகத்திலிருந்து விரல் நுனி அளவுக்கு வால்வுத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், காயில்கள் அவற்றின் மேல் வளையம் போல வந்து உட்காரும். பிரேக் ஆயில் தண்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, காயிலுக்கு வருவதே இல்லை. ஆகவே மாட்யூலைப் பிரித்தெடுத்தால் ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வராது, ஏர் எடுக்கும் வேலையும் கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

சரி, சிவப்பு விளக்கும் ஏன் சேர்ந்து எரிகிறது? இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரங்களுக்கு முன்னால் போகும் அதே அழுத்தம் போனால் அவை பூட்டிக்கொண்டு வண்டியின் வால் சுழலும். பழைய வண்டிகளில் இதைத் தடுக்க புரபோர்ஷனிங் வால்வு என்று தனியாக ஒன்று இருக்கும். இந்த வண்டியில் அந்த வேலையை ஈபிசிஎம் தானே பார்த்துக்கொள்கிறது. மாட்யூல் படுத்துவிட்டால் ஏபிஎஸ் மட்டும் போகாது, பின் பிரேக்கை மட்டுப்படுத்தும் வேலையும் போய்விடும். சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்கிறது. "ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டு, அந்தக் காலத்தில் ஏபிஎஸ்ஸா இருந்தது" என்று அறிவுரை சொல்ல யாராவது வருவார்கள். அந்தக் காலத்து வண்டியில் புரபோர்ஷனிங் வால்வாவது இருந்தது. காலி டிரக்கை ஈர ரோட்டில் அப்படி ஓட்டுவது ஆபத்து. பெடல் மிதித்தால் வண்டி நிற்கும், அதில் சந்தேகமில்லை. வேலை முடியும் வரை நிதானமாக, இடைவெளி விட்டு ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் மட்டம் குறைந்தாலும், கை பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்த இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இப்போது அளக்கும் வேலை. இதில்தான் பணம் மிச்சமாகும்.

சி0265 என்றால் மாட்யூலுக்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) சர்க்யூட்டில் கோளாறு. சி0201-ம் அதே ரிலே சம்பந்தப்பட்டதுதான். இரண்டும் ஜோடியாக வந்தால் பெரும்பாலும் மாட்யூல்தான் என்று பழக்கப்பட்ட மெக்கானிக் யாரும் சொல்வார். அது உண்மையும்கூட. ஆனால் இதே ஜோடி எர்த் சரியில்லாததாலும் வருகிறது என்று ஜிஎம் நிறுவனமே தன் டீலர்களுக்கு டெக்னிக்கல் புல்லட்டின் அனுப்பியிருக்கிறது. மாட்யூலுக்குப் போகும் தடித்த கறுப்பு வயர், டிரைவர் கதவுக்குக் கீழே ஃபிரேமில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. அந்த இடத்தில் ஃபிரேம் பெயிண்டுக்கு அடியில் துரு பரவி, ரிங் டெர்மினலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும்.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஓம் வைத்துப் பார்த்தாலும் நல்லபடியாகத்தான் காட்டும். மீட்டர் கேட்கிற கரண்ட் மிகக் குறைவு. பம்ப் மோட்டார் ஓடும்போது இந்த வயர் வழியாக நிறைய ஆம்பியர் போக வேண்டும், அப்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும். இக்னிஷனை ஆஃப் செய்து மாட்யூலின் பெரிய கனெக்டரைக் கழற்றிவிட்டு, பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, மறு முனையை கனெக்டரில் இருக்கும் தடித்த கறுப்பு வயரின் பின்னில் (உலோக முனையில்) மெதுவாகத் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தாலோ, வயரை ஆட்டும்போது துடித்தாலோ, உங்கள் மாட்யூல் மேல் குற்றமில்லை. அதேபோல் பல்பின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, தடித்த சிவப்பு வயர் பின்களைத் தொட்டுப் பாருங்கள். சப்ளை பக்கமும் தெரிந்துவிடும். சோதனை வயரைப் பின்னுக்குள் திணித்து அதன் வாயை அகலப்படுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அப்புறம் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

பல்ப் எரியும்போதே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை அந்தக் கறுப்பு வயரிலும் வைத்தால், எவ்வளவு வோல்ட் வழியில் தொலைகிறது என்று கணக்கும் கிடைக்கும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

எர்த் கெட்டிருந்தால் அதே ஓட்டையைச் சுரண்டி அதே போல்ட்டை மறுபடி முடுக்குவதில் அர்த்தமில்லை, இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது. பக்கத்தில் ஃபிரேமில் நல்ல இடம் பார்த்து, உள்பக்கம் பிரேக் பைப்போ பெட்ரோல் பைப்போ வயரிங்கோ ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, புது ஓட்டை போடுங்கள். இரும்பு பளபளக்கும் வரை பெயிண்டைச் சுரண்டி, புது ரிங் டெர்மினலை கிரிம்ப் செய்து, போல்ட் போட்டு முடுக்கிய பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ பூசி மூடிவிடுங்கள். பூசுவது முடுக்கிய பிறகுதான், அதற்கு முன்னால் கூடாது. பேட்டரியிலிருந்து என்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் வரும் எர்த் கேபிளையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். எரர் கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். விளக்கு வரவில்லையென்றால் செலவு ஒரு ரிங் டெர்மினலோடு போயிற்று.

சி0267, சி0268 என்று வந்தால் அது பம்ப் மோட்டார் சர்க்யூட். மோட்டாரிலிருந்து மாட்யூலுக்கு வரும், இரண்டு பின் உள்ள சின்னக் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரில் நேராக 12 வோல்ட் ஒரு நொடி கொடுத்துப் பாருங்கள், மோட்டார் உறுமும். உறுமவில்லையென்றால் மாட்யூல் மாற்றிப் பயனில்லை, பிளாக்கும் மோட்டாரும் சேர்ந்த யூனிட்டே மாற வேண்டும்.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். விளக்கு எரிய ஆரம்பிக்கும் முன், சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது கடைசி இரண்டு மூன்று அடியில் பெடல் டகடகவென்று உதைத்ததா? உதைத்திருந்தால் அது வேறு கதை, மாட்யூலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன் சக்கர ஹப்பில் சென்சார் உட்காரும் இடத்தில் துரு பூத்து, சென்சாரை மெல்ல மெல்ல மேலே தூக்கிவிடும். இந்த வகை சென்சாருக்குத் தனியாக சப்ளை கிடையாது, பல் சக்கரம் சுற்றும் வேகத்தில் தானே வோல்ட்டேஜ் உண்டாக்கும். வேகம் குறைந்தால் வோல்ட்டேஜும் குறையும். இடைவெளியும் கூடிவிட்டால், சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே சிக்னல் நின்றுவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து மாட்யூல் அதன் பிரேக்கை விடுவிக்கும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காமல் நழுவும். இதற்காக ஜிஎம் 2005-ல் உப்பு கொட்டும் மாநிலங்களில் ஓடிய 1999 முதல் 2002 வரையிலான டிரக்குகளும் எஸ்யூவிகளுமாக சுமார் 8 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்களுடையது 2004 என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் துரு வருஷம் பார்த்து வராது. சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து துரு தடுக்கும் கிரீஸ் பூசினால் சரியாகும். துரு அதிகமாகிவிட்டால் ஹப்பையே மாற்றுவார்கள். பின் சக்கரங்களுக்குத் தனி சென்சார் கிடையாது, கியர்பாக்ஸ் வால் பக்கத்து ஸ்பீடு சென்சாரிலிருந்து கணக்கை எடுத்துக்கொள்ளும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (வண்டி சறுக்காமல் தானே பிரேக் பிடித்துச் சமாளிக்கும் வசதி) இல்லாத வண்டிக்குத்தான் இது பொருந்தும்.

எர்த், சப்ளை, கனெக்டர் எல்லாம் நன்றாக இருந்தும் அந்த இரண்டு கோடும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மாட்யூல்தான். ஆரம்பத்தில் எப்போதாவது எரிந்து அணைந்தது என்று நீங்கள் சொல்வதும் அதற்குப் பொருந்துகிறது. வருஷக்கணக்கில் வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டு, உள்ளே சாலிடர் இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். முதலில் சூட்டைப் பொறுத்து ஒட்டும், விலகும், கடைசியில் ஒரேயடியாக விலகிவிடும். மூடியை அறுத்துத் திறந்து தானே சாலிடர் வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. கைத்திறமை இருந்தால் செய்யலாம்தான். ஆனால் திறந்த மூடியைத் தண்ணீர் புகாமல் மறுபடி மூடுவது சாலிடர் வைப்பதைவிடக் கஷ்டம், அது உட்காரும் இடமோ உப்புத் தண்ணீருக்கு நடுவில். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குவதில் உங்களுக்கு நாலு வழி இருக்கிறது. உங்கள் மாட்யூலையே கழற்றி, ரிப்பேர் செய்து தரும் நிறுவனத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது முதல் வழி. என் ஓட்டு இதற்குத்தான். உங்கள் வண்டிக்கான விவரமெல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கிறது, திரும்ப மாட்டினால் அப்படியே வேலை செய்யும். புதியதைவிடச் செலவும் பல மடங்கு குறைவு. கியாரண்டி கொடுக்கிறவரிடம் அனுப்புங்கள். அடுத்து, பழையதைக் கொடுத்து ரிப்பேர் செய்த வேறொன்றை வாங்கும் எக்ஸ்சேஞ்ச். வண்டி நிற்கக் கூடாது என்பவர்களுக்கு அது வசதி. புதிய மாட்யூல் வாங்கினால் விலை அதிகம், அதோடு உங்கள் வண்டி எண்ணுக்கு ஏற்ப புரோகிராம் செய்ய வேண்டியிருக்கலாம். அதற்கான ஸ்கேன் கருவி டீலரிடமோ, வீட்டுக்கே வந்து புரோகிராம் செய்பவரிடமோதான் இருக்கும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாலாவது ஜங்க் யார்டு. மலிவுதான். ஆனால் அங்கே கிடப்பதும் அதே வயசு, அதே உப்பு, அதே சாலிடர். இன்றைக்கு வேலை செய்தாலும் அடுத்த குளிர்காலத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அப்படியும் எடுப்பதென்றால், மாட்யூல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெட்டிகள் டூ வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ், டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ளது, இல்லாதது என்று வேறுபடும். கனெக்டர் பொருந்திவிட்டது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

இனி கழற்றும் வேலை. முந்தைய நாள் சாயங்காலமே வண்டிக்கு அடியில் போய், மாட்யூலை பிளாக்கோடு பிடித்திருக்கும் சின்ன டார்க்ஸ் (தலையில் நட்சத்திரக் குழி உள்ள) திருகுகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். இரவெல்லாம் ஊறட்டும். மொத்த வேலையிலும் அடம் பிடிக்கப் போவது அந்தத் திருகுகள்தான்.

மறுநாள் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கி மேல் மட்டும் நம்பிக்கை வைக்காமல் ஸ்டாண்டும் கொடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். யூனிட்டைச் சுற்றி அப்பியிருக்கும் மண்ணை முதலில் பிரஷ்ஷால் உதிர்த்து, பிறகு காற்றடித்து, பிரேக் கிளீனரால் கழுவுங்கள். இதை அலட்சியமாகச் செய்தால் பிரித்த பிறகு அந்த மண்ணெல்லாம் வால்வுத் தண்டுகளின் மேல்தான் விழும். பெரிய கனெக்டரின் பூட்டு, இழுத்தால் நகரும் வகை. மண் ஏறி இறுகியிருக்கும், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உடையும். கிளீனர் அடித்துச் சற்றுப் பொறுத்து, விரலாலேயே நகர்த்துங்கள். கழன்றதும் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால், அல்லது ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தால், புது மாட்யூலும் அங்கேயே சாகும். கனெக்டரை முதலில் சரிசெய்யுங்கள்.

அந்த இடத்தில் நேராகத் திருகுகளுக்குக் கை போகாது. பிளாக்கின் பிராக்கெட்டை ஃபிரேமிலிருந்து கழற்றி, பைப்கள் மாட்டியபடியே யூனிட்டைக் கொஞ்சம் கீழே தாழ்த்தலாம். கொஞ்சம்தான். பைப் வளையும் அளவுக்கு இழுக்கக் கூடாது, ஒரு கயிற்றாலோ கம்பியாலோ தாங்கிக் கட்டிவிடுங்கள். இரண்டு பின் உள்ள மோட்டார் கனெக்டரை எடுத்துவிட்டு டார்க்ஸ் திருகுகளுக்கு வாருங்கள். திருகின் குழியில் மண் இருந்தால் ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, சரியான அளவு பிட்டை உள்ளே வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். பிட் நன்றாக உட்காரும், துருவும் சற்று விடும். அப்புறம் மெதுவாக, முதலில் முடுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம். தலை தேய்ந்துவிட்டால் பதறாதீர்கள். தலையை மட்டும் டிரில் செய்து எடுத்துவிட்டால் மாட்யூல் வந்துவிடும், பிளாக்கில் மிச்சமிருக்கும் தண்டை பிளையரில் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். டிரில் செய்யும்போது விழும் இரும்புத் தூளை ஈரத் துணி வைத்துத் தடுங்கள்.

திருகுகள் வந்ததும் மாட்யூலை நேராக, பிளாக்கிலிருந்து விலகும் திசையிலேயே இழுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக ஆட்டுங்கள். நடுவில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் பிளாஸ்டிக்கோ அலுமினிய முகமோ கீறிக்கொள்ளும், கீறல் விழுந்த முகத்தில் கேஸ்கட் தண்ணீரைத் தடுக்காது. பிரிந்து வந்ததும் வரிசையாக வால்வுத் தண்டுகள் தெரியும். அவை உலர்ந்திருக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரம் கசிந்திருந்தால் பிளாக்கே கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதன் மேல் நல்ல மாட்யூலை மாட்டிப் பலனில்லை.

ரிப்பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் வண்டியை ஓட்ட வேண்டியிருந்தால், பைப்பெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, பிரேக் பிடிக்கும். ஆனால் பின் சக்கரம் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும். பிளாக்கை மறுபடி பிராக்கெட்டில் மாட்டி, வால்வுத் தண்டுகளின் முகத்தைத் தடித்த பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் சுற்றி மூடுங்கள். வண்டியில் தொங்கும் கனெக்டர்களையும் பையில் போட்டுக் கட்டி, வாய் கீழே பார்த்தபடி நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் ஒரு வாரம் பட்டால் போதும், பின்கள் பச்சையாகிவிடும்.

திரும்ப மாட்டும்போது முகத்தை நார் விடாத துணியால் துடைத்து, கேஸ்கட் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, நேராக உட்கார வையுங்கள். கையால் அழுத்தியே முழுதாக உட்கார வேண்டும். உட்காராததைத் திருகால் இழுத்து உட்கார வைத்தால் காயில் உடையும். கேஸ்கட்டோடு சிலிக்கான் பேஸ்ட் எதுவும் சேர்க்காதீர்கள். திருகு புதியதாகப் போடுங்கள், எதிரெதிர் மூலையாகப் படிப்படியாக முடுக்குங்கள். இந்தத் திருகுகளின் இறுக்கம் மிகக் குறைவு. ஒற்றை இலக்க நியூட்டன் மீட்டர்தான். சரியான அளவை மேனுவலில் பார்த்து, இன்ச் பவுண்டு டார்க் ரெஞ்சில் வையுங்கள். "நல்லா இறுகட்டும்" என்று ராட்செட் போட்டால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

பேட்டரி மாட்டி, சாவி போட்டு, விளக்குகள் சில நொடி எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரர் கோடை அழித்துவிட்டு, பெடலை அழுத்திப் பார்த்து, காலியான இடத்தில் மெதுவாக நகர்த்துங்கள். வண்டி மணிக்குச் சுமார் 10 மைல் வேகத்தைத் தொடும்போது மாட்யூல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். காலுக்குக் கீழே ஒரு குட்டி உறுமல் கேட்கும், அது பம்ப் மோட்டார். அந்தச் சத்தம் வந்து, விளக்கும் வராமல் இருந்தால் வேலை முடிந்தது. அப்புறம் ஆளில்லாத சரளைக்கல் பாதையில் குறைந்த வேகத்தில் ஓங்கி ஒரு பிரேக் அடித்து, பெடல் துடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிளாக்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த வேலையை கராஜுக்கே விடுங்கள் என்பேன். மிச்சிகன் போன்ற இடத்தில் இத்தனை வருஷம் ஓடிய வண்டியின் இரும்பு பிரேக் பைப்கள், நட்டைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு உடையும். இந்த வண்டிகளில் பைப் துருப்பிடிப்பது பற்றி அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை வருஷக்கணக்கில் விசாரித்தது. 2015-ல் திரும்ப அழைக்கச் சொல்லாமலே விசாரணையை முடித்து, உரிமையாளர்களே பைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு பைப் உடைந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வேலை நீளும். மாற்றுவதாக இருந்தால் நிக்கல் காப்பர் பைப் கேளுங்கள், துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம். பிளாக் மாறினால் சக்கரத்தில் ஏர் எடுப்பது மட்டும் போதாது, பிளாக்குக்குள் மூடியிருக்கும் வால்வுகளுக்குப் பின்னாலும் காற்று நிற்கும். ஸ்கேன் கருவியிலிருந்து உத்தரவு கொடுத்து பம்பையும் வால்வுகளையும் இயக்கவைத்து ஏர் எடுக்க வேண்டும். ஜிஎம் அதை ஆட்டோமேட்டட் பிளீட் என்று சொல்கிறது. பிரேக் ஆயில் டாட் 3 என்ற வகை, புது டப்பாவைத் திறந்து ஊற்ற வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு வண்டிக்காரர்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டிகளில் மாட்யூல் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் ஆங்கிள், பக்கவாட்டு அசைவு, பிரேக் அழுத்தம் என்று சென்சார் ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் எது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் கோடிங் போட்ட பிறகு இதைத் தனியாகச் செய்யாவிட்டால் விளக்கு அணையவே அணையாது. சில யூனிட்களில் எலக்ட்ரானிக்ஸைத் தனியாகப் பிரிக்கவும் முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரக் கடைசியில் பல்ப் சோதனையை மட்டும் செய்துவிட்டு, பல்ப் எப்படி எரிந்தது, கறுப்பு வயரில் எத்தனை வோல்ட் காட்டியது, மாட்யூல் ஸ்டிக்கரில் என்ன பார்ட் நம்பர் இருக்கிறது என்று எழுதுங்கள். சிக்னலில் பெடல் உதைத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை வைத்து மாட்யூலை அனுப்பலாமா, எர்த்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று சொல்கிறேன்.